மஞ்சள் தாளும் இருபத்தாறு நிறுத்தங்களும்

என் அண்ணி பதினான்கு வருடமாக பஸ் கண்டக்டர். நிற்க இடமில்லாத வண்டியில் பின்படியிலிருந்து முன்படிக்கு ஊர்ந்துபோய்ச் சீட்டு கிழித்துவிட்டு வருகிற ஆள். அதே டெப்போவில், யாருக்கு எந்த வண்டி என்று எழுதிப்போடுகிற டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் நான் எழுத்தர். வீட்டிலும் அவர் முகம், வேலையிலும் அவர் முகம். அலுத்துப்போகும் என்று நினைப்பீர்கள். அவரோடு அலுப்புக்கெல்லாம் நேரமே கிடைக்காது.

முப்பத்தொன்பது வயதில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தே தீருவேன் என்று மாலைப் பள்ளியில் சேர்ந்தார். எல்லாப் பாடமும் தேறிவிட்டார். அறிவியல் செயல்முறைத் தேர்வு மட்டும் காலை வாரியது. போன வருடம் கடையில் விற்கிற எரிமலை மாதிரியை வாங்கிக்கொண்டு போனார். "இது ஏன் பொங்குது?" என்று தேர்வாளர் கேட்டாராம். அண்ணி திருதிருவென்று முழித்துவிட்டு, எரிமலையைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். தேர்வுக்கு இரண்டு வாய்ப்புதான். இந்த வருடமும் கோட்டைவிட்டால் சான்றிதழ் இல்லை.

அதனால் இந்தத் தடவை சொந்தச் சரக்கு. டெப்போ சுவரில் யாரோ ஒரு சுற்றறிக்கையை மஞ்சள் எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஒருவரும் படிக்கவில்லை. அண்ணி அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏன்டி, எழுத்தோட கலர் மாறினா படிக்கிற வேகம் மாறுமா?"

"தெரியலையே அண்ணி."

"எனக்கும் தெரியல. அதான் ப்ராஜெக்ட்!"

ஐந்து வெள்ளைத் தாள். கறுப்பு, நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று தாளுக்கொரு நிறத்தில் எழுத்து. இருபது கண்டக்டர்கள் ஒவ்வொருவராக ஓய்வறையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். நான் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டும். எதைப் படிப்பது? பாடப்புத்தகத்தை நீட்டினால் எங்கள் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். "அவங்களுக்குப் பிடிபடுற விஷயமா இருக்கணும்" என்று அண்ணி பதினான்காம் நம்பர் வண்டியின் இருபத்தாறு நிறுத்தங்களையும் வரிசையாக அச்சடித்துக் கொண்டுவந்தார். பஸ் நிலையம், மார்க்கெட், பால் டிப்போ, கோர்ட், மில் கேட் என்று போகும் பட்டியல். எனக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மூன்று நாளில் பத்தொன்பது பேர் முடிந்தார்கள். கறுப்பு சராசரியாகப் பன்னிரண்டு வினாடி. நீலமும் பன்னிரண்டு. மஞ்சளும் அதே பன்னிரண்டு! அண்ணி மேசையைத் தட்டின தட்டில் மை டப்பா உருண்டது.

"பார்த்தியா? கலருக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்ல! இதை யாருமே கண்டுபிடிக்கலடி!"

அன்றைக்கே பெரிய அட்டையில் அட்டவணை வரைந்து, நாலு மூலையிலும் பூ வேறு போட்டார். பூ எதற்கு என்று கேட்டால் அடிப்பார்.

தேர்வு சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை இருபதாவது ஆளாக, விடுப்பு முடிந்து வந்தார் 'ரேடியோ'. போட்டால் நிற்காமல் பேசுகிற கண்டக்டர். அதனால் அந்தப் பெயர். மஞ்சள் தாளை வாங்கினார், மூச்சு விடாமல் ஒப்பித்தார். பதினோரு வினாடி. அண்ணி கைதட்டினார். எனக்குத்தான் என்னவோ உறுத்தியது. இந்த மனிதர் கண்ணாடியை மறந்துவிட்டு வருகிற நாளெல்லாம் என் ஜன்னலுக்கு வந்து, "எனக்கு எந்த வண்டின்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று கேட்பவர். அன்றைக்குக் காலையும் கேட்டிருந்தார்.

"அண்ணே, உங்க கண்ணாடி எங்க?"

"வீட்டுலயே விட்டுட்டேன்மா. ஏன்?"

"அப்ப இதை எப்படிப் படிச்சீங்க?"

"இதைப் படிக்க வேற வேணுமா? பதினாலாம் நம்பர்தானே? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே!"

அண்ணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இருபது பேரில் ஒருவர்கூடத் தாளைப் படிக்கவில்லை. மனப்பாடத்தை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாளாக அதற்குக் கடிகாரம் பிடித்திருக்கிறோம்.

"அப்படியே விட்டுடுங்க அண்ணி," என்றேன். "யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. போன வருஷம் மாதிரி ஊமையா நிக்கச் சொல்றியா?"

அவ்வளவுதான், ஆள் எழுந்துவிட்டார். மதியத்துக்குள் அச்சுக் கடைக்கு ஓடினார். அதே நிறுத்தங்கள்தான், ஆனால் ஐந்து விதமாகக் கலைத்துப் போட்ட வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஐந்து நிறத்திலும். ஆக இருபத்தைந்து தாள். யாருக்கு எந்த வரிசை எந்த நிறத்தில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருமுறை படித்த வரிசை அதே ஆளின் கைக்குத் திரும்பப் போகாது.

வெள்ளிக்கிழமை ஓய்வறை சந்தைக்கடை ஆனது. வண்டி வந்து நின்ற பத்து நிமிட இடைவெளியில் ஆளைப் பிடித்து உட்காரவைத்தோம். கண்டக்டர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, மில் கேட்டுக்கு அப்புறம் எப்படி பஸ் நிலையம் வரும்? வண்டி பறந்தா போகும்?" என்று கத்தினார் ரேடியோ. இப்போது கண்ணாடி போட்டிருந்தார்.

"இருக்கிறதைப் படிங்க அண்ணே!"

எண்களை ஒவ்வொன்றாக எழுதினேன். கறுப்பும் நீலமும் பத்தொன்பது வினாடி, சிவப்பு இருபது, பச்சை இருபத்தொன்று. மஞ்சள் இருபத்தேழு! கடைசி ஆள் எழுந்ததும் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போல் குதித்தோம். டிரைவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை அண்ணி இரண்டு அட்டவணையையும் எடுத்துக்கொண்டு போனார், பூப்போட்ட தப்பு அட்டவணை உட்பட. நான் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நின்றேன். தேர்வாளர் கெடுபிடியான மனிதர். முதல் அட்டவணை ஏன் தப்பு என்று அண்ணி மடமடவென்று சொல்லச் சொல்ல, அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு தானே ஒரு தாளைக் கேட்டார். அண்ணி மஞ்சளைக் கொடுத்து, ஸ்டாப்வாட்சை எடுத்து, "ஆரம்பிங்க சார்" என்றார்.

நாலாவது நிறுத்தத்திலேயே மனிதர் தடுக்கினார். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்தார், கண்ணைச் சுருக்கினார், ஒரு வரியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். முப்பத்திரண்டு வினாடி.

"பழக்கமில்ல. இன்னொரு தடவை படிக்கிறேன்," என்றார்.

"முடியாது சார்."

மார்க் போடுகிற கையிடம் இப்படியா பேசுவது?

"இந்தத் தாளை ஒரு தடவை படிச்சிட்டீங்க. இனிமே நீங்க படிக்கிறது கணக்குல சேராது," என்று சொல்லி, அவர் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கிக்கொண்டார் அண்ணி.

"அப்ப முப்பத்திரண்டுன்னே எழுதிக்கோங்க," என்று சொல்லிவிட்டுத் தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

மார்க் இருபதுக்குப் பத்தொன்பது. அண்ணி வராந்தாவில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினார்: "ஏய், கேள்வி கேட்டது நான்டி! முழிச்சது அவரு!"