நீரோட்டத்தை அளக்கப் போய் வாங்கிய ஏச்சுகள்

கடலில் கால் நனைக்காமல் கடலை அளக்கிற தொழில் என்னுடையது. கால் நனையவில்லை என்பதற்காகவே கரை முழுக்க ஏச்சு விழுகிற தொழிலும் இதுதான். ஒரு கருவியோடு பொது இடத்தில் தனியாக நின்று, இது என்ன, நீ ஆர், கலியாணம் முடிச்சாச்சா என்ற மூன்று கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்ன சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். கற்பிட்டிக் கரையில் வரிசையாகக் கம்பங்கள் நட்டிருக்கிறோம். ரேடார். கடல்மேல் வானொலி அலை போகும், கடலலையில் பட்டுத் திரும்பி வரும். திரும்புகிற விதத்தை வைத்து மேல்தண்ணீர் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்லலாம். முழுத்திசையும் தெரிய இன்னொரு நிலையம் வேண்டும். அது தலவிலவில், சிலாபத்து நிமலின் பொறுப்பில். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று போய் வடகிழக்கு வாடைக்காற்று வரும்போது நீரோட்டம் தெற்கை விட்டு வடக்கே திரும்பும். அந்தத் திருப்பத்தைப் பிடிப்பதுதான் என் ஆய்வு. அதுவரை கம்பங்கள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

சவூதிக்கு லைன்

முதல் வாரமே பக்கத்து வீட்டு றிஸ்மியா மாமி போனும் கையுமாக வந்தார். கணவர் சவூதியில். கதைக்கக் கதைக்க லைன் அறுகிறதாம். ஒரு கம்பத்தைக் கொஞ்சம் தன் வீட்டுப் பக்கம் திருப்பிவிட ஏலுமா என்று கேட்டார். இது போன் டவர் இல்லை என்று ஆரம்பித்து, மணலில் கோடு கீறி, அலை போவது வருவது எல்லாம் விளங்கப்படுத்தினேன். என் பேராசிரியர்கூட அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. கேட்டு முடித்துவிட்டு மாமி சொன்னார்:

"எல்லாம் விளங்குது மகள். தண்ணி அது பாட்டுக்குப் போகும், அதுக்கு ஒரு போன் கோல் எடுக்கத் தேவல்ல. எனக்குத்தான் தேவ."

மீன் ஓடின கதை

மீனவர் சங்கத்துச் செயலாளர் மஹ்ரூப் நானா அப்படிச் சிரித்துக் கதைக்கிறவர் இல்லை. எங்கள் கம்பத்துக்குப் பயந்து மீன் ஓடிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நேரே போய்க் கேட்டேன். சோழகத்தில் கடல் கொந்தளிக்கிறது, வருடாவருடம் மீன்பாடு குறைகிறது, எங்கள் அலை தண்ணீருக்குள் இறங்கவே இறங்காது என்று ஒன்றொன்றாக அடுக்கினேன். தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சங்கக் கூட்டம், கை தூக்கி முடிவெடுப்போம், எதிராகக் கை கூடினால் அடுத்த நாளே கம்பத்தைப் பிடுங்க வேண்டும் என்றார். வாடை தொடங்க இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. என்ன ஆதாரம் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது:

"மீன் இருந்த நேரம் கம்பம் இல்ல. கம்பம் வந்த நேரம் மீன் இல்ல. படிச்ச புள்ளதானே, நீயே கணக்கப் பாரு."

அசையாத கடல்

அந்த வாரந்தான் தலவிலத் தேவாலயத்தில் புனித அன்னம்மாள் திருநாளும் வந்தது. தலவிலப் பக்கம் கடல் அசையாமல் நிற்கிறதாக என் திரை காட்டியது. ஓடும் கடலை நிற்கிறது என்று காட்டினால், கூட்டத்தில் நான் எதை வைத்து வாதாடுவது? பஸ் ஏறிப் போனேன். கரையெங்கும் யாத்திரிகர் கூடாரம். எங்கள் கம்பங்களின் இழுகயிறுகளில் ஈரச் சாறிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பெண்களின் உடுப்பில் கைவைக்க வெட்கப்பட்டு நிமல் தூரத்தில் நின்றான். நான் வெட்கப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக் கொடுத்தேன், ஈரத்துணி தொங்கினால் கம்பத்தின் அலை குழம்பும் என்று காரணமும் சொன்னேன். நீர்கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கடைசிச் சாறியை வாங்கி உதறிக்கொண்டே கேட்டார்:

"இவ்வளவு பெரிய கடல், பிள்ளை. அது ஓடுறத என்ட ஒரு சாறியா மறைக்குது?"

சிலாபம் போன நீரோட்டம்

ரேடார் சொல்வது சரிதானா என்று பார்க்க, இடம் காட்டும் கருவி பூட்டிய மிதவைகளைக் கடலில் விடுவோம். 'எடுக்க வேண்டாம், மிதக்க விடவும்' என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து அவை கொழும்பிலிருந்து வந்தன. தமிழ் எங்கே என்று கேட்டேன். இடம் போதவில்லையாம். தமிழ் பேசுகிற கரையில் விடுகிற மிதவையில் தமிழுக்கு இடமில்லை! மிதவை ஒரு நாள் ஒழுங்காகத் தெற்கே போனது. பிறகு கரையேறியது. பிறகு தார்ரோட்டில் பறந்தது. என்னைத் தங்கை என்று சிங்களத்தில் 'நங்கி' போட்டுக் கூப்பிடுகிற நிமல், திரையைப் பார்த்தபடி போனில், "திசை சரி நங்கி, வேகந்தான் கூட. நீரோட்டம் இப்ப முந்தல் சந்தியில தேத்தண்ணி குடிக்குது" என்றான்.

எடுத்தது வேறு யாருமில்லை, மஹ்ரூப் நானா. சண்டைக்கென்றே போனேன். அவர் சொன்னதைக் கேட்டபிறகு திரும்பி வந்து, ஒருத்தரிடமும் அனுமதி கேட்காமல், மிச்ச மிதவைகளில் பெயின்டால் தமிழில் எழுதினேன். அவர் சொன்னது இதுதான்:

"சிங்களம் கதைப்பன், வாசிக்க ஏலா. என்ன சாமானெண்டு தெரியாம வீட்டுல வைக்கிறதா? அதான் வாசிக்கத் தெரிஞ்ச ஆளுக்கிட்ட மீன் லொறியில சிலாபத்துக்கு அனுப்பின."

கூட்டம்

வெள்ளிக்கிழமை எனக்கு அழைப்பில்லை. கதைக்க ஒரு ஆம்பிளையை அனுப்பச் சொன்னார்கள். நானே போய், காலியாகக் கிடந்த கதிரையில் இருந்தேன். கம்பங்கள் எதற்கு என்று சொன்னேன். எஞ்சின் பழுதாகி ஒரு போட் இழுபட்டுப் போனால் எந்தப் பக்கம் தேடுவது என்று இதுவும் சொல்லும் என்றேன். சிலர் கேட்டார்கள். பின்வரிசையில் ஒருவர், அகதிப் பிள்ளைக்கு எங்கட கடலில் என்ன கதை என்றார்.

உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். நான் பிறந்தது இந்தப் பக்கத்துக் கரைத்தீவில். எழும்பினேன். சோழகத்தில் உங்கள் வலைக்குள் ஓடுகிற தண்ணீரும் மன்னார்ப் பக்கத்தால்தான் வருகிறது, வெளியாள் என்று அதையும் திருப்பி அனுப்புங்கள், எவ்வளவு தூரம் போகிறதென்று நானே அளந்து தருகிறேன் என்றேன். நான் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டேன். கை தூக்கச் சொல்ல எழும்பிய மஹ்ரூப் நானா, தூக்கச் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இதப் புடுங்கிட்டா, நாளைக்கு மீன் இல்லாட்டி நாங்க ஆரத்தான் ஏசுற? நிக்கட்டும்."

அடுக்கி வைத்த என் நியாயங்கள் ஒன்றாலும் நிற்காத கம்பங்கள் ஏச ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக நிற்கின்றன என்றால், தாராளமாக ஏசட்டும், கடல் வடக்கே திரும்புகிற நாளில் நான் இங்கேதான் இருப்பேன்.