அச்சு அண்ணியும் சாம்பல் குதிரையும்

குதிரை லாயத்தில் வேலை பார்ப்பவருக்கு வைக்கோல் தூசியே ஆகாது என்றால் என்ன செய்வது? குதிரைகளைச் சவாரிக்குப் பழக்குவது அவர் தொழில், தும்முவது உபதொழில். அந்தத் தும்மல் சத்தத்தை வைத்து எல்லோரும் அவரை 'அச்சு' என்றே கூப்பிட்டார்கள். அதோடு அண்ணி சேர்ந்தது, அங்கேயே குதிரை தேய்க்கும் நாத்தனாரின் உபயம்.

புதிதாக வந்த சாம்பல் நிறக் குதிரை நன்றாக நடந்தது, ஓடியது, திரும்பியது. நிற்க மட்டும் மாட்டேன் என்றது. "நில்லு" என்று கத்தினாலும் கடிவாளத்தை இழுத்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு தன் போக்கில் போகும். ஆனால் சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்று, அண்ணியைத் தன் கழுத்தைக் கட்டிக்கொள்ள வைக்கும்.

"நீங்க தும்முறப்பதான் அண்ணி அது நிக்குது" என்றாள் வேலிமேல் உட்கார்ந்திருந்த நாத்தனார்.

"போடி, என்னைக் கிண்டல் பண்ணாட்டி உனக்குத் தூக்கம் வராதே!"

நாத்தனார் உடனே லாயமே அதிர ஒரு பொய்த் தும்மல் போட்டாள். குதிரை காதைக்கூடத் திருப்பாமல் நடந்துகொண்டே இருந்தது. பாத்தியா என்று அதன்மேல் இருந்த அண்ணி சிரித்த நேரம், அவருக்கே மூக்கு நமநமத்தது. மூச்சை இழுத்து நிமிர்ந்தார். குதிரை நின்றுவிட்டது. தும்மல் அதற்குப் பிறகுதான் வந்தது.

அண்ணிக்குப் பொறி தட்டியது. தும்மல் இல்லாமல் வெறுமனே மூச்சை இழுத்து, முதுகை நிமிர்த்திச் சேணத்தில் அழுந்தி உட்கார்ந்தார். நின்றது. மூச்சை விட்டுத் தளர்ந்தார். நடந்தது.

"இது என்னைக் கவனிக்கிறதுல பாதி உங்கண்ணன் கவனிச்சா போதும்டி."

"அண்ணனுக்குத்தான் கடிவாளமே போதுமே அண்ணி! சரி, முதலாளிகிட்ட சொல்ல வேணாமா?"

"கேட்டா சொல்லலாம்."

முதலாளி கேட்கிற ஆள் இல்லை. சம்பந்தி வீட்டார் லாயத்தைப் பார்க்க வந்த அன்று அவரே குதிரையில் ஏறினார். அழகாகத்தான் போனது. சம்பந்தியம்மாவை நெருங்கியதும் தொப்பையை உள்ளே இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். குதிரை நின்றது. குதிகாலால் தட்டினார், நகர்ந்தது. மறுபடி தொப்பையை இழுத்தார், மறுபடி நின்றது. நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடினாள்.

அண்ணி பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தார். "தொப்பையை விட்டுடுங்க முதலாளி, அது போயிடும்."

முறைத்தார். வேறு வழியில்லாமல் விட்டார். தொப்பை முன்னே வந்தது, குதிரையும் கிளம்பியது.

மறுநாள் காலையில் அவரே வந்து, "முதல்லேருந்து சொல்லிக் குடும்மா" என்றார். அண்ணி பொறுமையாக, ஒருமுறைகூடச் சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தார். நாத்தனாரை மட்டும் அந்தப் பக்கமே அண்டவிடவில்லை.