தாணுவுக்கு ஓர் அடிக்குறிப்பு

பாறசாலையில் தட்டச்சுக் கடை வைத்திருந்த ரத்னபாய் மிஷன் சபையில் வளர்ந்தவள். வேதாகமத்தில் எந்த அதிகாரம், எந்த வசனம் என்று சொல்லாமல் அங்கே யாரும் வாய் திறக்க முடியாது. அந்தப் பழக்கத்தில், முதன்முதலாக அடித்த ஆய்வேட்டில் அடிக்குறிப்புகளின் பக்க எண்களையெல்லாம் வேதவசனம் போல 12:4 என்று போட்டுவைத்துப் பேராசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு முறையைக் கற்றாள். திருவனந்தபுரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

ஐம்பத்து நான்கில், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த தமிழ் ஊர்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராட்டம் மூண்டிருந்தது. சில மாதம் கழித்து, கனகதாஸ் என்ற மாணவன் எல்லைச் சந்தைகளைப் பற்றி இங்கிலீஷில் ஆய்வேடு எழுதிக் கொண்டுவந்தான். அதில் கோரைப்பாய் வியாபாரி தாணுவின் சாவும் ஒரு வரி: ஊர்வலத்தின்போது குடிபோதையில் வழுக்கி விழுந்து இறந்தார். அடியில் பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம். முறையில் ஒரு குறையும் இல்லை.

ரத்னபாயின் விரல்கள் நின்றுவிட்டன. தாணு விழுந்தது அவள் கடைவாசலில். போலீஸ்காரரின் தடி அவர் மண்டையில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவள். தாலுகா ஆபீசிலிருந்து அடிக்க வரும் மனுக்கள்தான் அவளுக்குச் சோறு போட்டன. அதனால் இத்தனை மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"கனகதாஸே, அவரு வழுக்கி விழல்ல. அடிச்சுக் கொன்னதாக்கும். நான் கண்டேன்."

"பேரில்லாத பேச்சை சார் வெட்டிப்போடுவாரு அக்கா. பத்திரிகைக்குப் பேரு உண்டு."

"எனக்கும் பேரு உண்டு மக்கா."

அவன் எவ்வளவோ தடுத்துப் பார்த்தான். பயம் அவளுக்கும் இருந்தது. கடைசியில் வரியைத் திருத்தி, அடியில் தன் பெயரையும் ஊரையும் போட்டு, நேரில் கண்டது என்று அடித்தாள்.

பேராசிரியர் அந்த இடத்தில் பேனா வைக்கவில்லை. ஆனால் சேதி எப்படியோ தாலுகா ஆபீசுக்கு எட்டி, மனுக்கள் வேறு கடைக்குப் போயின. ரத்னபாய் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டாள்.

தாணுவின் மனைவி விஜயம்மா கேள்விப்பட்டு வந்தாள். ரத்னபாய் கார்பன் பிரதியை எடுத்து, அந்த வரியைத் தமிழில் சொல்லி, விரல் வைத்துக் காட்டினாள். தனக்குத் தெரியாத இங்கிலீஷ் எழுத்தை விஜயம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா," என்றாள். "எம் பிள்ளையள குடிகாரன் மக்கள்ணுல்லா ஊரு விளிச்சுது."