முள்ளுக்கு வெளியே ஒரு கொண்டைக்கடலை

என் கணவர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு மோகனூர்க் காவிரிக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகள் இருவரும் விடுதிக்குப் போன பிறகு, வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

முதல் சில வாரங்கள் வேடிக்கைதான் பார்த்தேன். கரையோரம் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்த ஒரு காலையில், தூண்டில் முள்ளில் குத்திப் போட்டிருந்த கொண்டைக்கடலையை ஒரு ரோகு மீன் வாய்க்குள் உறிஞ்சியது. உடனே துப்பியது. மறுபடி உறிஞ்சியது, மறுபடி துப்பியது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

“ஏனுங்க, அதுக்கு முள்ளு தட்டுப்படுதுங்க. கடலைய முள்ளுல குத்தாம, பக்கத்துல நூல்ல தொங்கவுட்டா என்னங்க?”

“வெறும் முள்ளுல மீனு எப்படி அம்மிணி மாட்டும்?” என்று சிரித்தார்.

“கடலைய உறிஞ்சறப்ப முள்ளும் கூடவே உள்ள போகுமுங்க. துப்பறப்ப குத்திக்குமுங்க.”

அவர் நம்பவில்லை. எனக்கோ அன்று முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை. நான் ரவிக்கை தைப்பவள். நூலும் ஊசியும் எந்நேரமும் கையில் இருப்பவை. மறுநாளே தையல் மிஷினை ஓரங்கட்டிவிட்டு, வேகவைத்த கடலையை ஊசியால் துளைத்து, நூலில் கோத்து முள்ளோடு கட்டினேன்.

அடுத்த ஞாயிறு போட்டுப் பார்த்ததில் நூலின் நீளம் அதிகமாகிவிட்டது. மீன் கடலையைச் சுத்தமாகத் தின்றுவிட்டு முள்ளை அப்படியே விட்டுவிட்டது. அதற்கடுத்த வாரம் நூலைக் குறைத்தேன். வீசிய வேகத்தில் கடலை கழன்று பறந்தது. விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை ஒடித்து, நூல் முனையின் சுருக்கில் குறுக்கே செருகினேன். கடலை அசையவில்லை. ஆனால் இழுத்தால் முள் புரளாமல் படுத்தே கிடந்தது. முடிச்சை நான்கைந்து விதமாக மாற்றிக் கட்டி, ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் வைத்து இழுத்துப் பார்த்தேன். கடைசியாகக் கட்டியதில் முனை தானாகத் திரும்பி நறுக்கென்று குத்தியது. ரத்தம் எட்டிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, மீன் நகர்ந்ததும் முள் இறங்கட்டும் என்று கனமான ஈயக்குண்டு ஒன்றைச் சேர்த்து, அவருடைய இன்னொரு தூண்டிலில் நானே வீசினேன். அவர் பக்கத்தில் தன் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். டீ குடித்து முடிப்பதற்குள் என் தூண்டில் கழி விருட்டென்று தண்ணீரை நோக்கி இழுபட்டது. பாய்ந்து பிடித்தேன். கழியின் உருளையிலிருந்து தூண்டில் நரம்பு சரசரவென்று ஓடியது.

“இழுக்காத அம்மிணி, ஓடவுடு, ஓடவுடு.” அவர் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

கை கடுத்தது. புடவை நனைந்தது எப்போது என்றே தெரியாது. ஒருவழியாக அவர் அந்த ரோகுவை இரண்டு கையாலும் வாரி எடுத்து வந்தார். கீழுதட்டின் நடுவில், நான் நினைத்த அதே இடத்தில், முள் மாட்டியிருந்தது. கடலை பக்கத்தில் முழுசாகத் தொங்கியது.

அவர் அந்தக் கடலையை விரலால் தட்டிப் பார்த்தார்.

“எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கட்டிக் குடு.”

“இருங்க, நான் இன்னொருக்கா போட்டுப் பாத்துக்கறனுங்க” என்றேன். அடுத்த கடலையை எடுத்து ஊசியை ஏற்றினேன்.