ஆப்பு வைத்த கட்டை

இது கட்டிய கதை இல்லை. நம்பாதவர்கள் பிர்னோ நகரத்துக்கு வந்து, பியானோ பழுதுபார்க்கும் என் பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பாதி ரதோவன் மேல். பாதி என் மேலேயே.

ரதோவன் வீட்டில் சுவரோரம் ஒரு பழைய பியானோ. எண்பத்தைந்து கட்டைகள். அதில் நாற்பத்தொன்பதாவது மட்டும் அழுத்தினால் இறங்காது. மூன்று முறை சரிசெய்தேன். மூன்று முறையும் ஒரே வாரத்தில் இறுகிக்கொண்டது. அவன் என்னை ஏமாற்றுக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இரண்டு இசைப்பள்ளிகள் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டன. இருபத்தாறு வருடம் சேர்த்த பெயர் அது.

நான்காம் முறை போனது ஜனவரி 14, மதியம் 2.30.

"இந்தத் தடவையும் சொதப்புனீங்கன்னா, இந்தத் தெருப் பக்கமே தல காட்டாதீங்க," என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். கட்டை இறங்கினால்தான் உள்ளே சுத்தியல் எழும். கோளாறு கட்டையிலா, சுத்தியலிலா? சுத்தியல்கள் கோத்த சட்டத்தை முழுதாக வெளியே எடுத்தேன். கட்டை அப்போதும் அசையவில்லை. கட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு மர ஆப்பு. முன் மூன்று முறையும் ஏதோ மரத்துணுக்கு என்று தட்டி எறிந்திருந்தேன்; இது புதிதாகச் சீவியது.

"யார் வேல இது?"

"நான்தான் தம்பி." ரதோவனின் அம்மா வாசற்படியில் நின்றாள். "எடுத்துடாதீங்க. அது இறங்காம இருந்தாத்தான் அவர் சும்மா இருக்கார்."

அவர் என்றால் அவள் கணவர். பியானோ வாத்தியார். செத்து ஒன்பது வருடம்.

"அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு. பிடுங்கிப் போடுங்க," என்றான் ரதோவன்.

அவள் கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச எனக்கு ஆத்திரம்தான் ஏறியது. என் பெயர் கெட்டது இவளால்தானே! ஆப்பசைத்த குரங்கு நான். பிடுங்கிக் கணப்பில் எறிந்தேன். இனி ஒரு குறையும் சொல்லக் கூடாது என்று, தேய்ந்த சுத்தியல்களைச் சீராக்கச் சட்டத்தையும் பட்டறைக்குத் தூக்கி வந்தேன். பட்டறை ஊரின் மறுகோடியில்.

மணி 4.10. மேசைமேல் சட்டம். நான் மட்டும்.

டக்.

ஒரு சுத்தியல் எழுந்து விழுந்தது. இடமிருந்து எண்ணினேன்... நாற்பத்தொன்பது.

டக்... டக்...

அதைத் தள்ளக் கட்டையே இல்லை. கட்டைகள் எல்லாம் அந்த வீட்டில் இருந்தன.

விரலால் அமுக்கிப் பிடித்தேன்.

என் விரலை மீறி எழுந்தது.

டக். டக். டக்.

4.13...

நின்றது.

4.20க்கு ரதோவன் போன் செய்தான். அழுதான். "அம்மா கை..."

4.10லிருந்து மூன்றே நிமிடத்தில் அவள் வலது கையில் ஐந்து விரல்களும் நொறுங்கிவிட்டன. கனமான மூடியை விரல்மேல் பலமுறை அறைந்தால்தான் இப்படி ஆகும் என்றாராம் மருத்துவர். பியானோ மூடியா என்றும் கேட்டாராம்.

கீல் தளர்ந்திருக்கிறதென்று அந்த மூடியையும் சட்டத்தோடு நான் கொண்டுவந்துவிட்டேன். 4.10க்கு அது என் முதுகுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றது.