அழுகிற கதாநாயகனும் கை இல்லாத பனியனும்

ஊர் அடங்கின பிறகு டி.வி.யில் பழைய படம் போடுகிறார்களே, அதற்காகவே தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறவள் நான். போன வாரம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கதாநாயகன் பரம ஏழை. சாப்பிட்டு எத்தனையோ நாளாச்சு என்று அவனே சொல்கிறான். ஆனால் அவன் போட்டிருந்த பனியனில் நெஞ்சுக்குக் குறுக்கே மடிப்புக்கோடு பளிச்சென்று தெரிகிறது. "பொட்டியப் பிரிச்சு இன்னும் சூடு ஆறல, இவனுக்கு என்ன பஞ்சம்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து மருமகள், "அத்தே, ஆருகிட்டப் பேசறீங்க?" என்றாள். ஆரிடம் பேசுவேன்? அவனிடம்தான்.

சினிமா விஷயத்தில் எனக்குச் சில தீர்மானங்கள் உண்டு. யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். முதல் ரீலில் இருமுகிற அம்மா இடைவேளையைத் தாண்ட மாட்டாள். பட்டு அங்கி போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குகிறவனை நம்பக்கூடாது. கதாநாயகி ஓடிவந்து கட்டிலில் குப்புற விழுந்து அழுதால், எழுந்து வெளியே போய் முறுக்கு வாங்கி வந்துவிடலாம், அதற்குள் கதை ஒரு அடி நகராது. எல்லாவற்றுக்கும் மேலே, ஏழை போட்டிருக்கும் பனியனைப் பார்த்தால் படம் எடுத்தவன் யோக்கியதை தெரிந்துவிடும். இந்தக் கடைசித் தீர்மானம் திருப்பூர்க்காரிக்கு மட்டும் வருவது. மற்ற ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்து அழுவார்கள். நாங்கள் கழுத்துப்பட்டியைப் பார்ப்போம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு மேஜையில் இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின காலம். மடிப்பு மேஜை என்றால் நீளமான பலகை, இரண்டு பக்கமும் பெண்கள். சலவையிலிருந்து வந்த பனியன்கள் மலையாகக் குவிந்திருக்கும். அந்த வெளுப்புத் தூள் வாசம் இருக்கிறதே, மூக்கில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போதும் அதுதான் மணக்கும். தேய்த்து, மடித்து, டஜன் டஜனாகக் கட்டி, அட்டைப்பெட்டியில் போட வேண்டும். கட்டுக்குத்தான் கூலி. பேசினால் கை நிற்கும், கை நின்றால் கூலி நிற்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் எனக்கு மட்டும் ஒரு சலுகை. எங்கள் அண்ணிக்குச் சினிமா என்றால் உயிர். தனியாகப் போக வீட்டில் விட மாட்டார்கள், அதனால் துணைக்கு நான். புதுப்படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள், மத்தியானச் சோறு முடிந்ததும் மேஜையில் நான் கதை சொல்ல வேண்டும். கதை சொல்லக் கை வேண்டுமே! கத்திச் சண்டைக்கு வீச வேண்டும், அழுகைக்கு முந்தானையைப் பிடிக்க வேண்டும். அதனால் கதை முடிகிற வரை என் பங்கை மற்றவர்கள் மடித்து என் பக்கம் தள்ளிவிடுவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, தானாக வந்த வழக்கம். சாயங்காலம் பார்த்தால் என் கட்டு மற்றவர்கள் கட்டைவிட ஒரு துளி உயரமாகவே இருக்கும்.

அதில் எல்லோரையும்விட எச்சாக மடித்தவள் பாத்திமா. எனக்கு நேர் எதிரே உட்காருவாள். அவள் அத்தா கண்டிப்பான மனிதர், அவர்கள் வீட்டில் சினிமா கொட்டகை இருக்கிற தெரு வழியாகப் போவதே குற்றம். என் வாயில் வந்த படங்களைத் தவிர அவள் வேறு படம் பார்த்ததில்லை. "சித்த மெதுவாச் சொல்லு புள்ள, அவ என்ன சீலை கட்டியிருந்தா, அதைச் சொல்லாமத் தாண்டறயே" என்று பிடித்து நிறுத்துவாள். இப்படி ஒருத்தி கேட்டால் யாருக்குத்தான் சொல்ல வராது? சீலை மறந்துபோயிருந்தால் நானே ஒரு நிறம் போட்டுக் கட்டிவிடுவேன்.

வம்பு வந்தது ஒரு அழுகைப் படத்தால். கதாநாயகன் மழையில் நனைந்து ஓடிவந்து, சாகக் கிடக்கும் தாயைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கதறுகிற இடம். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாகச் சொல்கிறேன். மேஜை முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். அந்த நேரம் பார்த்து எனக்கு அது ஞாபகம் வந்து தொலைத்தது. "ஓடியாரப்ப கை வெச்ச பனியன் போட்டிருந்தானுங்க்கா. அம்மாவத் தூக்கி மடியில போட்டொடனே பாத்தா, பனியனுக்குக் கையே இல்லீங்க!" என்றேன்.

அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே சிரிப்புக்கு மாறினார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வெட்டுகிற மேஜை வரை கேட்டுவிட்டது.

அங்கே இருந்தவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கிப் பனியனுக்கு வெட்டித் தருகிறவர், கம்பெனியில் முதலாளிக்கு அடுத்தபடி. அந்தக் கதாநாயகனாக நடித்தவரின் ரசிகர், அவருக்காகச் சொந்தச் சித்தப்பனோடு பேச்சை முறித்துக்கொண்டவர். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார்.

"எங்காளு தாயப் பறிகுடுத்துப்போட்டு அழுவறாரு. அதுக்குச் சிரிக்கிறீங்களா?"

"பனியனுக்குத்தானுங்ண்ணா சிரிச்சோம்" என்றேன். விஷயத்தையும் சொன்னேன்.

"ஏம்புள்ள, நீ படம் பாத்தியா, இல்ல கதை உடறயா? வெட்டறவன் நானு. எனக்குத் தெரியாத கை உனக்குத் தெரிஞ்சுருச்சா? நாலு வாட்டி பாத்தேன், அப்படி ஒண்ணுமில்ல."

அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். நேரே முதலாளியிடம் போய்விட்டார். மடிப்பு மேஜையில் பொய்க்கதை ஓடுகிறது, வேலை கெடுகிறது, இனிமேல் அங்கே பேச்சே கூடாது என்று முறையிட்டார். முதலாளி சாதுவான மனிதர், யாரையும் நோகடிக்கத் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஒரு வழி சொன்னார். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் கம்பெனி ஆட்களைப் படத்துக்குக் கூட்டிப்போவது வழக்கம். "பூசைக்கு அதே படத்துக்குப் போயிரலாமுங்க மாஸ்டர். பெருமாநல்லூர்க் கொட்டாய்ல இப்ப அதுதான் ஓடுதாமா. புள்ள சொன்னது நெசம்னா கதை நடக்கட்டும். இல்லீன்னா நீங்க சொன்னாப்பல நிறுத்திப்போடலாம்."

பூஜை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பார்த்தது பார்த்ததுதானா, இல்லை பாத்திமாவுக்குச் சீலை கட்டினது போல இதையும் நானே தைத்துப் போட்டேனா? நினைக்க நினைக்கப் பனியனுக்குக் கை முளைக்கிறது, மறைகிறது. அண்ணியைக் கேட்டேன். "நான் எங்க பாத்தேன், அழுதுட்டில்ல இருந்தேன்" என்றாள். எதிரே பாத்திமா மடித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மட்டும் தலையைத் தூக்காமல், "உங்களுக்கெல்லாம் கதை போனா, போயிக் கொட்டாய்ல பாத்துக்குவீங்க. எனக்குப் போனா போனதுதான்" என்றாள். அதுவரை அது என் மானப் பிரச்சினை என்று நினைத்திருந்தேன்.

பூஜையன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுத்து, சாயங்காலம் பண்டல் ஏற்றுகிற லாரியில் எங்களை ஏற்றினார்கள். பாத்திமா பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கொட்டகையில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். எல்லோருக்கும் மணல் தரைதான், முதலாளிக்கு மட்டும் ஒரு பெஞ்சு. எங்கள் கம்பெனி போக மீதி எல்லாம் காடு கழனியில் வேலை முடித்து வந்த சனம். படம் ஓடியது. அந்த இடம் வந்தது. மழை, இடி, ஓடிவருகிறான். கை வைத்த பனியன்! தாயைத் தூக்கினான். "அம்மா!" என்று ஒரு கதறல் கதறினான் பாருங்கள், கொட்டகை மொத்தமும் ஓவென்று அழுதது. என் கண்ணிலும் தண்ணீர், ஆனாலும் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கை இல்லை! சத்தியமாகக் கை இல்லை!

ரீல் முடிந்து விளக்குப் போட்டார்கள். ஒற்றை மெஷின் கொட்டகை, ரீலுக்கு ரீல் விளக்கு வரும். நான் ஓடிப்போய் முதலாளியிடம், "பாத்தீங்களாங்க?" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்க பாக்கறது கண்ணு, எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு" என்றார். எங்கள் மேஜைப் பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி பாக்கியில்லாமல் முந்தானையில் முகம் புதைத்திருந்தார்கள். மாஸ்டர் துண்டால் முகத்தை மூடித் தேம்பிக்கொண்டிருந்தார். சாட்சி சொல்ல வந்த கூட்டம் மொத்தமும் அழுது தொலைத்துவிட்டது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ, "அந்த ரீல இன்னொருக்கா ஓட்டச் சொல்லுங்க!" என்று கத்தினேன். கொட்டகைக்காரர் வேகமாக வந்தார். இதென்ன கல்யாண விருந்தா, இன்னொரு கரண்டி கேட்க, என்றார். முதலாளி எழுந்து விவரத்தைச் சொன்னார். ஆண்கள் பக்கமிருந்து ஒரு பெரியவர், தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டுங்க சாமி. இன்னொருக்கா அழுதுட்டுப் போறோம், கெட்டா போச்சு?" என்றார். பெண்கள் பக்கமும், "ஆமாங்க, ஓட்டுங்க" என்றது. ஒரு மடிப்புக்காரி சொன்னதற்காகப் பெருமாநல்லூரில் படத்தைத் திரும்பச் சுற்றினார்கள் ஐயா! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதுகு நிமிர்கிறது.

மறுபடி மழை, மறுபடி இடி. இந்தத் தடவை எங்கள் கம்பெனியில் ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் தோளில். ஓடிவந்தான், தூக்கினான், கதறினான். மணலில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் துள்ளி எழுந்தார். பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் அவர் நிழல் திரை முழுக்க விழுந்தது. சாகக் கிடக்கும் தாயின் மேல் அவருடைய பெரிய கை நீண்டு, நாயகனின் தோளைச் சுட்டியது.

"கை இல்லீங்கோவ்! புள்ள சொன்னது நெசமுங்கோ!"

நாங்கள் கைதட்டினோம், விசிலடித்தோம், ஒருத்தி குலவை போட்டாள். காட்டு சனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க, மனுசன் அம்மாவப் பறிகுடுத்துட்டு அழுவறான், கையத் தட்றீங்களே, நீங்கெல்லாம் எந்த ஊரு?" என்று ஒரு அம்மா என்னை உலுக்கினாள். "திருப்பூருங்க" என்றேன்.

மறுநாள் மத்தியானம் மேஜையில் நான் வாயைத் திறக்குமுன் மாஸ்டர் வந்தார். பாத்திமாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் குவியலிலிருந்து பனியனை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "ம், சொல்லு" என்றார், அவ்வளவுதான். அவர் மடித்ததெல்லாம் கோணல்மாணல். அவர் போனபிறகு பிரித்து மறுபடி மடித்தோம். அன்றைக்கு நான் சொன்னது அந்தப் படமல்ல, பெருமாநல்லூர்க் கொட்டகையில் நடந்த படம். பாத்திமா மடிப்பதை மறந்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கல்யாணமாகிப் போகிற வரை அந்த மேஜையில் கதை நிற்கவில்லை.

பெருமாநல்லூரில் அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு கார்மெண்ட்ஸ் நிற்கிறது. இந்தி பேசுகிற பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பாட்டாகக் கேட்டுக்கொண்டு தைக்கிறார்கள். எங்கள் கம்பெனியும் இல்லை, முதலாளியும் இல்லை, மாஸ்டரும் போய்ச் சேர்ந்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி அல்ல.

பல வருஷம் கழித்து பாத்திமாவின் மகன் வீட்டில் டி.வி. வாங்கினான். ஒருநாள் அந்த அழுகைப் படத்தையே போட்டார்களாம். வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்து முழுப்படம் பார்த்துவிட்டு, மறுநாளே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் காப்பி போடுமுன்பே ஆரம்பித்தாள்.

"ஏம்புள்ள, ஆத்தங்கரையில ஒரு கண்ணு தெரியாத கிழவன் பாட்டுப் பாடுவானே, அவன எங்க காணோம்? அவ கிளிப்பச்சையில சீலை கட்டியிருந்தாளே, இவங்க சாம்பக் கலர்ல காட்டறாங்க?"

கிழவன் நான் சேர்த்தவன். கறுப்பு வெள்ளைப் படத்தில் கிளிப்பச்சைக்கு எங்கே போவது? அவள் என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இதென்ன படம் எடுத்திருக்கானுங்க, ஒண்ணும் வெளங்கல" என்றாள். "நீ எடுத்ததுதான் படம்."

எனக்குக் கிடைத்த பட்டமும் பதக்கமும் அதுதான். அவள் கண்ணை மூடி நாலு வருஷமாகிறது. அந்த அழுகைப் படத்தை இன்னும் எத்தனையோ பேர் பார்ப்பார்கள். கிழவன் பாடுகிற, கிளிப்பச்சைச் சீலை கட்டின என் படத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.