ஒவ்வொரு பக்கத்திலும் அவரவர் பெயர்

தான் செய்த தவற்றுக்காக, இறந்துபோன ஒரு பெண்ணைச் சபையில் வைத்து ஒருவர் மன்னித்தார். பரமேஸ்வரி அக்காவின் இறுதிச் சடங்கில் நடந்தது இதுதான். உண்மை தெரிந்தவர்கள் அங்கே பலர் நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், வெயிலில் உட்காராதீர்கள் என்று தண்ணீர் கொடுத்தார்கள். அங்கே பேச விடாததை இங்கே எழுதுகிறேன்.

செய்தி தொலைபேசியில் வந்தது. அக்காவின் தங்கைதான் அழைத்தார். "தம்பி, அக்கா போயிட்டா. தேத்தண்ணி கொண்டு போனேன், எழும்பேல்லை" என்றார். கிள்ளானிலிருந்து அவர் வீடிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் போகும்வரை என் மனத்தில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் புத்தகம் திருத்தப்படாமலே அவர் போய்விட்டார்.

உங்களில் பலர் அவரிடம் கல்யாண அழைப்பிதழோ கோயில் விழா மலரோ தட்டச்சடித்து வாங்கியவர்கள். அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டிய பிறகு கணினி வாங்கினார். அவர் சாந்தமானவர் என்று இரங்கலில் சொன்னார்கள். பொய். எழுத்துப் பிழையோடு கொண்டுபோனால் முகத்துக்கு நேராகவே திட்டுவார். என்னைத் திட்டியிருக்கிறார். நான் லோரி ஓட்டிப் பிழைத்தவன். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள், தமிழை நானாகப் படித்தேன். அதனால் எனக்குச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

நான் கேரி தீவுத் தோட்டங்களுக்குப் போய், அங்கே வேலை செய்து முதுமை அடைந்த பெண்கள் சொன்ன வாழ்க்கைக் கதைகளை ஒலிநாடாவில் பதிவு செய்து வந்தேன். எங்கள் தமிழ்ச் சங்கம் அதைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டது. நாடாவைக் கேட்டுத் தட்டும் வேலை அக்காவுடையது. அதில் முனியம்மா என்ற பெண்ணின் கதை இருந்தது. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டில் வேலையில் இருந்தபோது, தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த குழந்தை காய்ச்சலில் இறந்ததை அவர் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் நாடாவில் வெகுநேரம் பேச்சே இல்லை. அக்கா அங்கே, பக்கத்தை அதோடு முடிக்கும் பேஜ் பிரேக் ஒன்றை வைத்தார். மேலே நான்கு வரி, மிச்சமெல்லாம் வெற்றிடம். "பக்கம் வீணாகுதே அக்கா" என்றேன். "அவ பேசாமல் இருந்தவதானே? இதுவும் பேசாமல் இருக்கட்டும்" என்றார்.

நானும் சில கதைகளைத் தட்டிக் கொடுத்தேன். ஒரு கதை முடிந்து அடுத்தது புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமென்றால், எண்டர் விசையைப் பக்கம் தீரும்வரை தட்டிக்கொண்டே போவேன். அக்கா திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"தம்பி, இது லோரி இல்லை, பின்னாலை நிண்டு தள்ளுறதுக்கு. மேலே ஒரு படம் வந்தால் கீழே எல்லாம் இறங்கும். பிறகு முனியம்மா அடுத்தவ வீட்டு நடுவிலை வந்து நிப்பா. ஒரு பேஜ் பிரேக் போடுங்கோ, தள்ளத் தேவையில்லை."

ஆனால் கதைக்கும் கதைக்கும் இடையே அவர் போட்டது வெறும் பேஜ் பிரேக் அல்ல, செக்‌ஷன் பிரேக். அதைப் போட்டால் ஒவ்வொரு பகுதியும் தனி வீடு மாதிரி. அதன் பக்கங்களின் தலையில் அதற்கென்று ஒரு பெயர் போடலாம். முனியம்மாவின் பக்கங்கள் எல்லாவற்றின் தலையிலும் முனியம்மாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும். அடுத்தவர் பக்கங்களில் அடுத்தவர் பெயர். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தார். ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். "சனம் முழுப் புத்தகத்தையும் வாங்காது, ஒரு தாளை நகலெடுத்துக்கொண்டு போகும். அந்தத் தாளிலையும் அவவின்ரை பெயர் போகவேணும். இவ்வளவு காலமும் இன்னாரின்ரை பெண்சாதி எண்டுதானே இருந்தவை" என்றார். தலையில் பெயர் இருப்பதால் கதைக்குள் அதை மறுபடி எழுதவில்லை.

அன்றைய சங்கச் செயலாளர் ஒருமுறை திரையைப் பார்க்க வந்தார். பகுதிகளுக்கு நடுவே ஓடும் புள்ளிக்கோடுகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னக்கா இது, கோடு கோடா? அழகாவே இல்ல லா."

"அச்சிலை வராது. கை வைக்காதேங்கோ. ஒண்டை அழிச்சால், மேலே உள்ளது கீழே உள்ளதின்ரை தலைப்பை எடுத்துக்கொள்ளும்."

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்க்கா. ஆபீஸ்ல டெய்லி பாக்கிறதுதான்."

"பாக்கிறியள். தட்டுறது ஆர்?" என்றார் அக்கா. செயலாளர் சிரித்தார். சிரிப்பு கண் வரை போகவில்லை.

வெளியீட்டு விழா நெருங்கியது. அச்சுக்கு முன் ஒரு படி பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டார். நேரமில்லை என்று, கோப்பு இருந்த கணினி வட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அச்சகத்தில் என்ன நடந்தது என்பதை அங்கே கணினியில் இருந்தவரே பிறகு என்னிடம் சொன்னார்: "செயலாளருதாண்ணே பக்கத்துல நின்னு, இந்தக் கோடெல்லாம் எடு, பாதிப் பக்கம் சும்மா கிடக்குது, பேப்பர் வேஸ்ட்டுன்னாரு. டைப் பண்ணவங்கள ஒரு வார்த்த கேக்கலாமா பாஸுன்னேன். எனக்குத் தெரியாதான்னாரு." பொருளடக்கத்தையும் இடம் பிடிக்கிறது என்று எடுத்துவிட்டார்.

கோடுகள் அழிய அழிய, மேலே இருந்த ஒவ்வொரு கதையும் கீழே இருந்ததன் தலைப்பை எடுத்துக்கொண்டது. புத்தகத்தின் கடைசிப் பகுதி செயலாளரின் நன்றியுரை. அதன் தலையில் இருந்தது அவர் பெயர். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாப் பெண்களின் தலைக்கு மேலும் அவர் பெயர் ஏறி உட்கார்ந்துகொண்டது. முனியம்மா பேசாமல் இருந்த அந்த வெற்றிடமும் போயிற்று. குழந்தை செத்த வரிக்கு அடுத்த வரியில் சம்பள நாள் வந்துவிட்டது.

விழாவுக்கு அந்தப் பெண்கள் கேரி தீவிலிருந்து பேருந்தில் வந்திருந்தார்கள். எல்லாரும் நல்ல சேலையில். முனியம்மா புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. எங்க இருக்குது எம் பேரு? விரல வெச்சிக் காட்டுங்க."

நான் புரட்டினேன். மறுபடி புரட்டினேன். பக்கத்தில் நின்ற அக்கா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் அப்போது போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன்பிறகு அவர் பழையபடி யாரையும் திட்டியதில்லை.

"என்னண்ணே, கடைசில இருக்கா?" என்று முனியம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

சங்கக் கூட்டத்தில் செயலாளர், தட்டியவர் செய்த பிழை என்றார். ஒவ்வொரு படியிலும் ஒரு திருத்தச் சீட்டாவது வையுங்கள் என்று அக்கா எழுதிக் கேட்டார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பதிப்பு வரவில்லை. அக்கா பயந்தபடியே தாள்கள் நகலாகிப் போயின. முனியம்மாவின் கதை ஒரு வார இதழில், செயலாளர் எழுதிய கற்பனை என்று பாராட்டோடு வந்தது. அதை அக்காவிடம் காட்ட வேண்டாம் என்றிருந்தேன். அவர் எனக்கு முன்பே படித்திருந்தார். "அவையள் உயிரோடை இருக்கிறபோதே இப்பிடி எண்டால், போன பிறகு ஆர் சொல்லப்போயினம்?" என்று மட்டும் கேட்டார். கதை சொன்னவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

இறுதிச் சடங்கில் அதே மனிதர், "சின்னச் சின்னத் தவறு யாருக்கும் வரும், அக்காவோட உழைப்பத்தான் நாம நெனைக்கணும்" என்றார்.

அக்கா தனக்கென்று வைத்திருந்த, சரியான கோப்பு உள்ள வட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஒலிநாடாக்களைப் போலவே அதிலும் பூஞ்சை பிடித்துவிட்டது, எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, எந்தக் கதை யாருடையது என்ற நினைவு மட்டும்தான். எனக்கும் வயதாகிறது. கீழே எழுதுவது நடக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

செயலாளராக இருந்தவர், விழா நடந்த அதே மண்டபத்தில், அந்தக் கோடுகளை அழிக்கச் சொன்னது தான்தான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

சங்கம், தன் அறையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் படிகளில், ஒவ்வொரு கதைக்கும் உரியவரின் பெயரை அச்சிட்டு ஒட்ட வேண்டும். அதுவரை ஒரு படியும் வெளியே போகக் கூடாது.

அந்த வார இதழ், அது கற்பனை அல்ல, முனியம்மாவின் வாழ்க்கை என்று அதே பக்கத்தில் போட வேண்டும்.

புத்தகம் வீட்டில் வைத்திருப்பவர்கள் கிள்ளானுக்கு என்னிடம் கொண்டுவர வேண்டும். உரியவர் பெயரைப் பக்கம் பக்கமாகப் பேனாவால் எழுதித் தருகிறேன்.

நான், வருகிற ஞாயிற்றுக்கிழமை கேரி தீவுக்குப் போய், முனியம்மா வைத்திருக்கும் படியில் அவர் கதை தொடங்கும் இடத்தில் அவர் பெயரை எழுதி, அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைக்க வேண்டும்.